பெரோவ்ஸ்கைட் எல்இடி: உள்ளே பிறக்கும் ஒளியை வெளியே கொண்டுவருவது எப்படி?

2014இல் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஃப்ரெண்ட் குழுவினர் அறை வெப்பநிலையில் பளிச்சென்று எரியும் பெரோவ்ஸ்கைட் (உலோகமும் அயோடைடு, புரோமைடு போன்ற ஹாலைடும் சேர்ந்த படிகப் பொருள்) எல்இடிகளைச் செய்து காட்டினார்கள். அவற்றின் புறக் குவாண்டம் செயல்திறன் அகச்சிவப்பில் 0.76%, பச்சையில் 0.1%. அதாவது ஆயிரம் எலக்ட்ரான்களைச் செலுத்தினால் ஒரே ஒரு பச்சை ஃபோட்டான்தான் (ஒளித்துகள்) வெளியே வந்தது. பத்தே ஆண்டுகள் கழித்து, 2024இல், நான்ஜிங் டெக் பல்கலைக்கழகத்தின் வாங் ஜியான்பு குழு அகச்சிவப்பில் 32% எட்டியது.

இந்த ஏற்றம் மலைப்பானதுதான். ஆனால் எனக்கு அந்த 32ஐவிட மீதி 68தான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. இன்றைய நல்ல பெரோவ்ஸ்கைட் படலங்களில் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) சேரும்போது ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் ஒளி பிறந்துவிடுகிறது. பிறந்த ஒளியில் மூன்றில் இரண்டு பங்கு வெளியே வராமல் எங்கே போகிறது? இதைக் கணக்குப் போடத் தெரியாமல் லென்ஸ் ஒட்டுவதிலும் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவதிலும் இறங்கினால் ஆறு மாதம் வீணாகும். அதனால் இந்த வழிகாட்டியில் முதலில் கணக்கு, அப்புறம் வைத்தியம். பிளஸ் டூ இயற்பியலும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் பாதி தூரம் வந்துவிடலாம்.

படி 1: சாதனத்தின் குறுக்குவெட்டை வரையுங்கள்

தாளில் அடுக்குகளைக் கீழிருந்து மேலாக வரையுங்கள். பச்சை எல்இடியின் வழக்கமான வரிசை இது: கண்ணாடி, அதன்மேல் ஒளி ஊடுருவும் மின்முனையான ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு), துளைகளைக் கடத்தும் அடுக்கு, பெரோவ்ஸ்கைட், எலக்ட்ரான்களைக் கடத்தும் அடுக்கு, கடைசியில் அலுமினியம் போன்ற உலோகம். அகச்சிவப்புச் சாதனங்களில் பெரும்பாலும் எலக்ட்ரான் பக்கமும் துளைப் பக்கமும் இடம் மாறியிருக்கும். மேலே தங்கம் வரும். ஒளி கண்ணாடி வழியாகக் கீழே வெளியேறும். மேலிருக்கும் உலோகம் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் எதிரொளிக்கும்.

ஒவ்வொரு அடுக்கின் பக்கத்திலும் இரண்டு எண்களை எழுதுங்கள்: தடிமன், ஒளிவிலகல் எண். கண்ணாடிக்கு 1.5, கரிம அடுக்குகளுக்கு 1.7 முதல் 1.8, ஐடிஓவுக்கு 1.8 முதல் 2. புரோமைடு பெரோவ்ஸ்கைட்டுக்குப் பச்சையில் சுமார் 2.3, அயோடைடு பெரோவ்ஸ்கைட்டுக்கு அகச்சிவப்பில் சுமார் 2.5. தடிமன்களை உங்கள் ஆய்வகத்திலேயே அளந்து எழுதுங்கள். கட்டுரையில் படித்த எண்ணை அப்படியே போட்டால், ஸ்பின் கோட்டரின் (கரைசலைச் சுழற்றிப் படலமாக்கும் கருவி) வேகம் சற்று மாறியிருந்தாலும் கணக்கு மொத்தமும் தவறிவிடும்.

படி 2: ஒரு சதவீதத்தை மூன்றாகப் பிரியுங்கள்

புறக் குவாண்டம் செயல்திறனை ஆய்வகத்தில் இக்யூஇ என்போம். அது மூன்று எண்களின் பெருக்கல். செலுத்திய மின்னூட்டங்களில் எத்தனை பங்கு பெரோவ்ஸ்கைட்டுக்குள் சரியாகச் சந்திக்கின்றன என்பது முதலாவது. சந்தித்தவற்றில் எத்தனை ஒளியாகின்றன என்பது இரண்டாவது. இதை அக ஒளித்திறன் என்று வைத்துக்கொள்வோம். பிறந்த ஒளியில் எவ்வளவு காற்றுக்கு வருகிறது என்பது மூன்றாவது.

சாதாரண ஒளிர் ஓஎல்இடிக்கு (கரிமப் பொருளால் ஒளிரும் எல்இடி) இங்கே ஒரு பெரிய தடை உண்டு. தற்சுழற்சி விதிகளால் எக்ஸைட்டான்களில் (எலக்ட்ரானும் துளையும் சேர்ந்த ஜோடிகள்) நான்கில் ஒரு பங்குதான் நேரடியாக ஒளிரும். பெரோவ்ஸ்கைட்டில் நடைமுறையில் அந்தத் தடை இல்லை. இரண்டாவது எண்ணை 1க்கு மிக அருகே கொண்டுபோக முடிவது அதனாலும்தான். ஆகவே மிச்சமிருக்கும் பெரிய இழப்பு மூன்றாவது எண்ணில் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. கண்ணாடிமேல் பூசிய படலத்துக்கு லேசர் அடித்து அளக்கும் ஒளிர்வுத்திறனை அக ஒளித்திறன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த அளவீட்டிலும் ஒளி படலத்துக்குள் சிக்குகிறது. சிக்கியதில் ஒரு பகுதி அங்கேயே வெப்பமாகிறது. அதனால் அளக்கும் எண் உண்மையான அக எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும்.

படி 3: தப்பிக்கும் கூம்பைக் கணக்கிடுங்கள்

கிணற்றில் முங்கி, கண்ணைத் திறந்து மேலே பார்த்தவர்களுக்குத் தெரியும். வானம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் கிணற்றின் சுவரையே காட்டும். ஒளியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: கிணற்றுக்குள் ஒரு விளக்கு எரிந்தால், அந்த வட்டத்தை நோக்கிப் போகும் கதிர்கள் மட்டுமே வெளியேறும். மற்றவை முழு அக எதிரொளிப்பால் உள்ளேயே திரும்பும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் மாறுநிலைக் கோணம் சுமார் 49 பாகை. பெரோவ்ஸ்கைட் இதைவிட மிக ஆழமான கிணறு.

கணக்கு எளிது. 1ஐ ஒளிவிலகல் எண்ணால் வகுத்தால் மாறுநிலைக் கோணத்தின் சைன் கிடைக்கும். எண் 2.3 என்றால் கோணம் 25.8 பாகை, 2.5 என்றால் 23.6 பாகை. மேலிருக்கும் உலோகம் தன் பக்கம் வரும் கதிர்களை முழுவதும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், தப்பும் பங்கு = 1 கழித்தல் அந்தக் கோணத்தின் கோசைன். பச்சைக்கு 10%, அகச்சிவப்புக்கு 8.4% வரும். எண் 1.75 உள்ள கரிமப் பொருளுக்கு இதே கணக்கு 18% தரும். ஓஎல்இடிக்காரர்கள் நெடுங்காலம் சொல்லிவந்த 20% எல்லை ஏறக்குறைய இதிலிருந்து வந்ததுதான்.

மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 2.3க்கும் 1க்கும் நடுவே 1.7, 1.5 என்று படிப்படியாகக் குறையும் அடுக்குகளை வைத்தால் கூம்பு விரியும் என்று நினைப்பார்கள். விரியாது. அடுக்குகள் தட்டையாகவும் இணையாகவும் இருக்கும்வரை, ஸ்நெல் விதிப்படி ஒளிவிலகல் எண்ணையும் கோணத்தின் சைனையும் பெருக்கிவரும் எண் எல்லா அடுக்கிலும் ஒன்றே. நடு அடுக்குகள் மாற்றுவது ஒளி எங்கே சிக்குகிறது என்பதை மட்டும்தான். இதை உணர்ந்தபிறகே எனக்கு இந்தத் துறை புரிய ஆரம்பித்தது.

படி 4: சிக்கிய ஒளியை இடவாரியாகப் பிரியுங்கள்

அதே கோசைன் கணக்கை இப்போது காற்றுக்குப் பதில் கண்ணாடிக்குப் போடுங்கள். 2.3இலிருந்து 1.5க்குப் போகக்கூடியது 24%. அதில் காற்றுக்கு வரும் 10% போக, 14% கண்ணாடிக்குள் வந்து கண்ணாடிக்குள்ளேயே சிக்குகிறது. மீதி 76% கண்ணாடியைக்கூடப் பார்ப்பதில்லை. பெரோவ்ஸ்கைட்டும் ஐடிஓவும் சேர்ந்த மெல்லிய அலைவழியில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். இவற்றோடு நான்காவது இடமும் உண்டு: உலோகத்தின் மேற்பரப்பில் எலக்ட்ரான்களோடு சேர்ந்து நெளியும் பிளாஸ்மான். அதற்குள் போனது பெரும்பாலும் வெப்பமாகிவிடும்.

10, 14, 76 என்பது தடிமனான படலத்துக்கான முதல் மதிப்பீடு. உண்மையான பச்சைச் சாதனத்தில் பெரோவ்ஸ்கைட்டின் தடிமன் பல நேரம் 50 நானோமீட்டருக்குள்தான். ஒளியின் அலைநீளத்தில் அது சிறு பங்கு. அங்கே கதிர்க் கணக்கு செல்லாது, அலைக் கணக்குதான் வேண்டும். நல்லவேளையாக, அலைக் கணக்கு நமக்குச் சாதகமாகவே பேசுகிறது. படலம் மெலிய மெலிய, அதற்குள் ஓடக்கூடிய அலைவழிகளின் பிடி தளர்கிறது. கூடவே, ஒளிவிலகல் எண் அதிகமுள்ள மெல்லிய படலத்தில் செங்குத்தான இருமுனைகளின் (ஒளியை உமிழும் நுண் ஆன்டெனாக்கள் போன்றவை) உமிழ்வு அடங்கிப்போகிறது. கிடைமட்ட இருமுனைகளே ஓங்கி ஒளிர்கின்றன. கிடைமட்ட இருமுனை தன் ஒளியை மேலும் கீழும் அனுப்பும் என்பதால் கூம்புக்குள் விழும் பங்கு கூடுகிறது. எனவே கணினிக் கணக்கில் 10%க்குப் பதிலாக 20%ஐ ஒட்டிய எண் வந்தால் நிரலில் பிழை என்று பதறவேண்டாம்.

இதற்குப் பயன்படுவது இருமுனை உமிழ்வும் பரிமாற்ற அணிகளும் (அடுக்குகளின் வழியே அலை செல்வதைக் கணக்கிடும் மேட்ரிக்ஸ்கள்) சேர்ந்த மாதிரி. செட்ஃபோஸ் போன்ற மென்பொருள் இருந்தால் வேலை விரைவு. இல்லாவிட்டால் பைத்தானில் நீங்களே எழுதலாம். நான் எழுதச் சொல்வேன். ஒருமுறை கையால் எழுதியவர்களுக்கு எந்த அடுக்கை அசைத்தால் எது மாறும் என்பது மனதில் பதிந்துவிடும்.

படி 5: ஃபோட்டான் மறுசுழற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

வழிகாட்டியின் மையம் இதுதான். மற்றப் படிகளை வேகமாகப் படித்தாலும் இங்கே நிதானமாக நில்லுங்கள்.

ஓஎல்இடியில் அலைவழிக்குள் சிக்கிய ஒளி போனது போனதுதான். பெரோவ்ஸ்கைட்டில் அப்படியில்லை. அது உமிழும் நிறத்தையும் உட்கவரும் நிறத்தையும் பிரிக்கும் இடைவெளி மிகச் சிறியது. அதனால் சிக்கி ஓடும் ஃபோட்டானை வழியிலேயே பெரோவ்ஸ்கைட் விழுங்கி, எலக்ட்ரானும் துளையுமாக மாற்றி, மறுபடி ஒளியாக உமிழ முடியும். புது ஃபோட்டான் புதுத் திசையில் கிளம்பும்.

தாயம் ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தாயம் விழுந்தால்தான் காய் களத்தில் இறங்கும். விழாவிட்டால் காத்திருந்து அடுத்த முறை உருட்டலாம். இங்கே தாயம் என்பது அந்தப் பத்து சதவீதக் கூம்பு. பெரோவ்ஸ்கைட் ஒரே ஃபோட்டானுக்குத் திரும்பத் திரும்ப உருட்டும் வாய்ப்பைத் தருகிறது. ஆனால் ஒவ்வொரு உருட்டலிலும் ஆட்டத்தைவிட்டே வெளியேறும் ஆபத்து இரண்டு வழிகளில் இருக்கிறது. விழுங்கப்பட்ட ஃபோட்டான் ஒளியாகாமல் படலத்தின் குறைபாடுகளில் வெப்பமாகலாம். அல்லது பெரோவ்ஸ்கைட் விழுங்குவதற்கு முன்பே ஐடிஓவோ உலோகமோ அதை விழுங்கிவிடலாம். இரண்டாவதை வீண் உட்கவர்வு என்போம்.

கணக்கு இப்படி. ஒவ்வொரு உமிழ்விலும் தப்பும் பங்கு, பெரோவ்ஸ்கைட் மறுபடி விழுங்கும் பங்கு, வீணாகும் பங்கு. மூன்றும் சேர்ந்தால் 1. அப்போது

வெளியே வரும் மொத்தம் = (தப்பும் பங்கு × அக ஒளித்திறன்) ÷ (1 − மறுபடி விழுங்கும் பங்கு × அக ஒளித்திறன்)

எண்களைப் போட்டுப் பாருங்கள். தப்புவது 0.10, மறுபடி விழுங்குவது 0.80, வீணாவது 0.10 என்று எடுத்துக்கொள்வோம். அக ஒளித்திறன் 50% என்றால் விடை 8.3%. 70% என்றால் 16%. 90% என்றால் 32%. 99% என்றால் 47.6%. கூம்பு மாறவே இல்லை, அதே பத்து சதவீதம்தான். வெளியே வரும் ஒளி மட்டும் ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இப்போது வீணாகும் பங்கை மட்டும் 0.30 ஆக்குங்கள், மறுபடி விழுங்குவது 0.60 ஆகும். அக ஒளித்திறன் 100% இருந்தாலும் விடை 25%தான். வீணாவது 0.05 ஆனால் அதே 100%க்கு 67% கிடைக்கும். வீண் உட்கவர்வு அறவே இல்லாமல், அக ஒளித்திறனும் முழுமையாக இருந்தால் விடை 100%. கோட்பாட்டில் தட்டையான சாதனத்துக்கும் மேல்வரம்பு அதுதான்!

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. கேம்பிரிட்ஜில் நீல் கிரீனம் குழு 2020இல் ஒளிர்வை இடவாரியாக அளந்து, மாதிரியோடு ஒப்பிட்டு, மறுசுழற்சி மொத்த உமிழ்வில் 70%க்கு மேல்கூடப் பங்களிக்க முடியும் என்று காட்டியது. நடைமுறையில் குறுக்கே நிற்பது மின்முனைகளின் உட்கவர்வு என்பதையும் அதே ஆய்வு சொன்னது. 2018இல் பல குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் 20%ஐத் தாண்டியபோது, பழைய கூம்புக் கணக்கால் அந்த எண்களை விளக்க முடியாமல் இருந்ததற்கு விடை இங்கே கிடைத்தது.

படி 6: வீணாவதை முதலில் குறையுங்கள்

மேலே பார்த்த எண்களே வரிசையைச் சொல்லிவிடுகின்றன. லென்ஸுக்கு முன்னால் கவனிக்கவேண்டியவை படலத்தின் குறைபாடுகளும் மின்முனைகளின் உட்கவர்வும்.

ஐடிஓவை எவ்வளவு மெல்லியதாக வைக்க முடியும் என்று பாருங்கள். மின்தடை கூடும், சிறிய பிக்சலில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஐடிஓ மெலியும்போது உட்கவர்வு குறைகிறது, அலைவழியின் பிடியும் சேர்ந்து தளர்கிறது. மேல் மின்முனையில் வெள்ளிக்கு மாற முடிந்தால் மாறுங்கள். கண்ணுக்குத் தெரியும் நிறங்களில் அது அலுமினியத்தைவிட நன்றாக எதிரொளிக்கும். ஆனால் ஹாலைடு வெள்ளியை அரிக்கும் என்பதால் நடுவில் நல்ல தடுப்பு அடுக்கு தேவை.

உமிழும் இடத்துக்கும் உலோகத்துக்கும் உள்ள தூரம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. தூரம் மிகக் குறைந்தால் பிளாஸ்மான் ஒளியை உறிஞ்சும். சரியான தூரத்தில், உலோகத்தில் பட்டுத் திரும்பும் அலையும் நேராகப் போகும் அலையும் கைகோக்கும். தொடக்கப் புள்ளியாகக் கால் அலைநீளத்தை எடுங்கள்: 520 நானோமீட்டரை 1.75ஆல் வகுத்து, அதில் நான்கில் ஒரு பங்கு, 74 நானோமீட்டர். உலோகத்துக்குள் அலை சற்று ஊடுருவுவதால் நல்ல இடம் இதைவிடக் குறைவாக, 50 முதல் 60க்குள் அமையும். அந்த இடத்தைச் சுற்றி நாலைந்து தடிமன்களில் சாதனம் செய்து பாருங்கள். தடிமன் மாறும்போது மின்னூட்டச் சமநிலையும் மாறும் என்பதை மறக்காதீர்கள். இக்யூஇ கூடினால் அது ஒளியியலால்தானா என்று மின்னோட்ட வளைவையும் சேர்த்துப் பார்த்தபிறகே முடிவுக்கு வாருங்கள்.

படி 7: தட்டையை உடைப்பது

ஸ்நெல் விதியின் பிடி தட்டையான அடுக்குகளுக்கு மட்டும்தான். தட்டையை உடைத்தால் கூம்பும் உடையும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை 2018இல் வாங் ஜியான்பு குழு செய்தது. பெரோவ்ஸ்கைட் கரைசலில் ஓர் அமினோ அமிலத்தைச் சேர்த்தார்கள். படலம் வழவழப்பாகப் பரவாமல், நூற்றுக்கணக்கான நானோமீட்டர் அளவுள்ள தனித்தனித் தட்டுகளாகத் தானே வளர்ந்தது; இடைவெளிகளை ஒளிவிலகல் எண் குறைந்த கரிமப் படலம் நிரப்பியது. அலைவழியில் ஓடவேண்டிய ஒளி தட்டுகளின் விளிம்பில் மோதித் திசைமாறி வெளியே வந்தது. இக்யூஇ 20.7%. ஒரு லித்தோகிராஃபியும் இல்லை, ஓர் அச்சும் இல்லை. கரைசலைப் பூசியதோடு கட்டமைப்பும் வந்துவிட்டது. பெரிய பரப்பில் செய்ய நினைப்பவர்களுக்கு இதைவிட மலிவான வழி கிடைப்பது கடினம்.

கண்ணாடிக்குள் சிக்கிய ஒளிக்கு அரைக்கோள லென்ஸ். கண்ணாடியின் வெளிப்புறத்தில், அதே ஒளிவிலகல் எண்ணுள்ள எண்ணெயை இடையில் விட்டு ஒட்டினால், கண்ணாடிக்குள் வந்த ஒளி லென்ஸின் வளைந்த பரப்பை ஏறக்குறைய நேராகச் சந்தித்து வெளியேறும். தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் டே-வூ லீ குழு 2021இல் காட்டிய பச்சைச் சாதனம் லென்ஸ் இல்லாமல் 23.4%, லென்ஸோடு 45.5%. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள்: காற்றுக்கு வந்த அளவுக்கு நிகரான ஒளி கண்ணாடிக்குள் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. உங்கள் சாதனத்தில் லென்ஸ் ஒட்டியும் எண் கொஞ்சம்தான் ஏறுகிறது என்றால், ஒளி கண்ணாடிவரைக்கும் வரவில்லை என்று பொருள். அப்போது படி 6க்குத் திரும்புங்கள். ஆக, லென்ஸ் ஒரு நல்ல சோதனைக் கருவி. ஃபோன் திரையில் அதை ஒட்ட முடியாது. நுண்லென்ஸ் வரிசைகள் விளக்குகளுக்குப் பொருந்தும். திரைகளில் பக்கத்துப் பிக்சலுக்கு ஒளி கசிந்து படத்தை மங்கலாக்கும்.

இருமுனைகளைக் கிடைமட்டமாக அடுக்குவது இன்னொரு வழி. சாதாரணக் கனசதுர நானோபடிகங்களில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைமட்டம். தட்டையான நானோதகடுகளைப் படுக்கவைத்தால் அந்தப் பங்கு கூடும். கூம்பு மாறாமலே அதற்குள் விழும் ஒளி கூடும்.

படி 8: நேர்மையாக அளவிடுங்கள்

மாணவனாக இருந்தபோது ஒரு சாதனம் அதற்கு முந்தையவற்றைவிடப் பல புள்ளிகள் கூடுதலாகக் காட்டியது. இரண்டு நாள் மகிழ்ச்சி. மூன்றாம் நாள் கண்ணாடியின் விளிம்புகளைக் கறுப்பு டேப்பால் மூடி அளந்தேன். கூடுதலாக வந்தது முழுவதும் மறைந்தது. விளிம்பில் கசிந்த ஒளியைத்தான் சாதனத்தின் ஒளி என்று எண்ணியிருந்தேன். அன்றிலிருந்து டேப் ஒட்டாமல் ஒரு சாதனத்தையும் அளந்ததில்லை.

முன்பக்க ஒளியை மட்டும் எண்ணுங்கள். நேர் எதிரே ஒரே கோணத்தில் அளந்து, எல்லாத் திசையிலும் லாம்பர்ட் விதிப்படி (கோணத்தின் கோசைனுக்கு ஏற்ப) பரவுகிறது என்று ஊகித்துக் கணக்கிட்டால், மெல்லிய அடுக்குகளில் நடக்கும் குறுக்கீட்டு விளைவால் அந்த ஊகம் கூடுதலாகவோ குறைவாகவோ தவறிவிடும். கோணம் கோணமாக அளந்து பாருங்கள், அல்லது இன்டகிரேட்டிங் ஸ்பியரில் (எல்லாத் திசை ஒளியையும் சேர்த்து அளக்கும் கோளம்) வையுங்கள். பிக்சலின் பரப்பை நுண்ணோக்கியில் அளங்கள். மறுசுழற்சி வலுவாக உள்ள சாதனத்தில் ஒளி பிக்சலின் எல்லையைத் தாண்டியும் வரும். பிரகாசத்தைக் கணக்கிடும்போது இது முக்கியம்.

படி 9: எந்த மின்னோட்டத்தில், எத்தனை மணி நேரம்?

உச்ச இக்யூஇ ஒரே ஒரு புள்ளி. மின்னோட்டம் கூடும்போது ஆஜர் இழப்பும் (எலக்ட்ரானும் துளையும் சேரும் ஆற்றல் ஒளியாகாமல் இன்னொரு மின்னூட்டத்துக்குப் போவது) வெப்பமும் அக ஒளித்திறனைக் கீழே இழுக்கும். முதலில் சொன்ன 32% சாதனம் சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிஆம்பியரிலும் 30%க்குக் குறையாமல் நின்றதுதான் அதன் உண்மையான பெருமை என்பேன். டே-வூ லீ குழுவின் 2022ஆம் ஆண்டுப் பச்சைச் சாதனம் 28.9% காட்டியது, சதுர மீட்டருக்கு 1,000 கேண்டெலா பிரகாசத்தில் தொடங்கி, அது பாதியாகக் குறைய 520 மணி நேரம் ஆனது. வரவேற்பறை விளக்குக்கு இது போதாது. நீலம் இன்னும் பின்தங்கியே இருக்கிறது.

ஆயுளும் ஒளி வெளியேற்றமும் தனித்தனிப் பிரச்சினைகள் என்று தோன்றும். படி 5இன் சூத்திரத்தை மறுபடி எடுங்கள். மறுசுழற்சியை நம்பி நிற்கும் சாதனத்தில் அக ஒளித்திறன் 99%இலிருந்து 90%க்கு இறங்கினால் வெளியே வரும் ஒளி 47.6%இலிருந்து 32%க்கு விழுகிறது. உள்ளே பத்தில் ஒரு பங்குகூட இழக்கவில்லை, வெளியே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதனால் புதுச் சாதனத்துக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போட்டு நிறுத்தாதீர்கள். நூறு மணி நேரம் ஓடவிட்டு, அதே சாதனத்தை லென்ஸோடும் லென்ஸ் இல்லாமலும் மறுபடி அளந்து, முதல் நாள் எண்களின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.